கோமேதகமும் தராசும்

கொச்சித் துறைமுகத்தை அடுத்த மட்டாஞ்சேரியில் மிளகை மதிப்பிடும் முறை எளியது; ஆயினும் முற்றும் விஞ்ஞான முறையே. ஒரு லிட்டர் கொள்ளும் கலத்தில் மிளகைத் தளர நிரப்பி, அதன் எடையைக் காண்பர். எடை 550 கிராம் என்றால் மிளகு ஒரு தரம். 500 கிராம் என்றால் வேறொரு தரம். பதரும் பிஞ்சும் மிகுந்த சரக்கு கண்ணுக்குக் கறுப்பாகவும் உருண்டையாகவும் தோன்றலாம்; ஆனால் தராசின் முன் அதன் உண்மை வெளிப்பட்டுவிடும். மிளகோடு பப்பாளி விதை கலந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தால் ஒரு குவளைத் தண்ணீர் போதும். முற்றிய மிளகு அமிழும். பப்பாளி விதை மிதக்கும். 1957ஆம் ஆண்டில் மிளகு, நறுமணப் பொருள் வணிகர்களின் சங்கம் அமைந்த அந்த யூதத் தெருவில், நிறத்தை மட்டும் நம்பி மிளகு வாங்கும் வணிகர் எவரும் இலர்.

அதே தெருவில் இன்று பழைய பண்டகசாலைகள் பல, கலைப்பொருட்களும் அணிகலன்களும் விற்கும் கடைகளாக மாறியுள்ளன. அங்கும், தென்னாட்டின் வேறெந்தக் கடைவீதியிலும், நவரத்தினங்களுள் ஒன்றான கோமேதகத்தை வாங்க வருகிறவர் என்ன செய்கிறார்? கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். தேன் நிறமா, பட்டை நிறமா என்று நோக்குகிறார். விற்பவர் சொல்லும் பெயரை ஏற்றுக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிடுகிறார். கிலோ ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள மிளகைத் தராசில் இட்டுச் சோதிக்கும் நாட்டில், அதனினும் பன்மடங்கு விலையுள்ள கல்லை நிறத்தாலும் வாய்ச்சொல்லாலும் மட்டுமே மதிப்பிடுவது வியப்புக்குரியது. இந்த முரண்பாடு நீங்க வேண்டும். அதை நீக்கும் ஆற்றல் பெரிய ஆராய்ச்சிச்சாலைகளிடம் மட்டும் இல்லை. பள்ளி ஆசிரியரிடமும் களப் பணியாளரிடமும் உள்ளது.

கார்னெட் குடும்பம்

கோமேதகம் என்று இன்று இரத்தினத் துறையில் வழங்கும் கல், கார்னெட் என்னும் கனிமக் குடும்பத்தைச் சேர்ந்தது. மாதுளை விதையைப் போன்ற தோற்றத்தால் லத்தீன் மொழியில் அமைந்த பெயரே கார்னெட் என்பது. இப்பெயர் ஒரே ஒரு பொருளைக் குறிப்பதன்று. ஒரே விதமான அணு அமைப்பைக் கொண்டு, உட்கூறுகளில் மட்டும் வேறுபடும் பல கனிமங்களுக்கு இது பொதுப்பெயர். இக்குடும்பத்தினர் அனைவருக்கும் சிலிகா பொது. அதனோடு இரும்பும் அலுமினியமும் சேர்ந்தால் அல்மண்டைன். மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்தால் பைரோப். மாங்கனீசும் அலுமினியமும் சேர்ந்தால் ஸ்பெஸ்ஸார்ட்டைன். கால்சியமும் அலுமினியமும் சேர்ந்தால் கிராசுலர்; கால்சியமும் இரும்பும் சேர்ந்தால் ஆன்ட்ரடைட்; கால்சியமும் குரோமியமும் சேர்ந்தால் உவரோவைட். இயற்கையில் இவை தூய்மையாகக் கிடைப்பது அரிது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று சிறிதளவேனும் கலந்தே இருக்கும்.

இவற்றுள் கிராசுலர் என்பதே கோமேதகத்தின் கனிமப் பெயர். சைபீரியாவின் வில்யூய் ஆற்றுப் பகுதியில் கிடைத்த வெளிறிய பச்சைக் கற்களைக் கண்ட ஜெர்மானியக் கனிமவியலார் வெர்னர், ஐரோப்பாவில் வளரும் கூஸ்பெரி என்னும் கனியின் தாவரவியல் பெயரைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். தூய கிராசுலருக்கு நிறமே இல்லை. சிறிதளவு இரும்பும் மாங்கனீசும் கலந்தால் தேன் நிறமும் செம்பழுப்பும் தோன்றுகின்றன. அதுவே ஹெஸ்ஸோனைட் என்னும் கோமேதகம். வனேடியமோ குரோமியமோ கலந்தால் மரகதத்தை ஒத்த பசுமை தோன்றுகிறது, அது சாவொரைட். நீர்க்கூறு சேர்ந்து, ஒளி ஊடுருவாத பச்சைப் பாளமாக அமைந்தால், தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் ஜேட் என்ற பெயரில் விற்கப்படும் கல்லாகிறது. அது உண்மையில் ஜேட் அன்று. நிறம் வேறு, பெயர் வேறு, விலை வேறு, கனிமம் ஒன்றே.

பெயர் செய்யும் மயக்கம்

பெயர்களின் வரலாறு இங்கே ஒரு பாடம். கோமேதகம் என்னும் சொல் பசுவின் கொழுப்பைக் குறிக்கும் வடசொற்களிலிருந்து வந்தது. அதாவது நிறத்தைக் கொண்டு இட்ட பெயர். ஐரோப்பியர் அதே கல்லைக் கருவாப்பட்டைக் கல் என்று அழைத்தனர். அதுவும் நிறத்தைக் கொண்டு இட்ட பெயரே. ஒல்லாந்தர் இலங்கையின் கருவாப்பட்டை வாணிபத்தைக் கைப்பற்றியிருந்தனர். 1663இல் கொச்சியையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தனர். பட்டையும் கல்லும் ஒரே தீவின் பொருட்களாதலின், ஒன்றின் நிறம் மற்றொன்றிற்குப் பெயரானதில் வியப்பில்லை.

பிரெஞ்சு அறிஞர் ஆயூயி வேறு வழியில் சென்றார். அக்கல் தன்னையொத்த பிற கற்களைவிடக் கடினத்திலும் அடர்த்தியிலும் குறைந்தது என்பதை நோக்கி, 'குறைந்தது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். அதுவே ஹெஸ்ஸோனைட். பசுவும் பட்டையும் கண்ணால் கண்ட பெயர்கள். ஹெஸ்ஸோனைட் தராசால் கண்ட பெயர். முன்னவை இரண்டும் கல்லின் தோற்றத்தைச் சொல்கின்றன. பின்னது கல்லின் இயல்பைச் சொல்கிறது.

இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் 'இல்லம்' எனப்படும் சரளைப் படிவுகளில் ஹெஸ்ஸோனைட்டும் சிர்கானும் கலந்தே கிடைக்கின்றன. இரண்டிலும் தேன் நிறக் கற்கள் உண்டு. ஆகவே பழைய வணிகர்கள் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தனர். அகராதிகளிலும் கோமேதகம் என்ற சொல்லுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு பொருள்கள் ஏறின. ஆனால் சிர்கான், கார்னெட் குடும்பத்துக்கு எவ்வித உறவும் இல்லாதது. சிர்கோனியம் என்னும் தனிமத்தின் சிலிகேட். தேன் நிறப் படிகக்கல்லும், பழுப்புக் கண்ணாடியும் இதே பெயரில் விற்கப்படக் கூடும். ஒரு பெயரின் நிழலில் நான்கு பொருட்கள் நிற்க இயலுமானால், அப்பெயர் வாங்குவோருக்குப் பாதுகாப்பு ஆகாது.

வணிகம் வேண்டும்போது புதுப்பெயரையும் படைக்கும். 1967இல் காம்ப்பெல் பிரிட்ஜஸ் என்னும் நிலவியலார் டான்சானியாவில் பச்சைக் கிராசுலரைக் கண்டார். பின்னர் கென்யாவிலும் அது கிடைத்தது. 1974இல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம், கென்யாவின் சாவோ தேசியப் பூங்காவின் பெயரைக் கொண்டு அதற்குச் சாவொரைட் என்று பெயரிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்பெயரில் பிழையில்லை, அப்பெயருக்குப் பின்னால் எந்தக் கனிமம் நிற்கிறது என்பதும் தெளிவாகக் கூறப்பட்டது. தேவைப்படுவது அத்தெளிவுதான். கோமேதகம் என்ற பழம்பெயரைக் கைவிட வேண்டியதில்லை. அதன் அருகே கனிமப் பெயரையும் எழுத வேண்டும் என்பதே கோரிக்கை.

யாருக்கு இழப்பு?

செல்வர் வாங்கும் விலையுயர்ந்த கற்களுக்குச் சோதனைச் சான்றிதழ் கேட்கும் பழக்கம் பரவியுள்ளது. இழப்பு அவர்களுக்கு மிகுதியன்று. குடும்பத்தில் தொடர்ந்து துன்பம் நேர்கிறது, இராகுவுக்கு உரிய கல்லை அணிந்தால் நலம் என்ற நம்பிக்கையோடு, சேர்த்துவைத்த கூலியை எடுத்துக்கொண்டு கடைக்கு வருகிறாரே, அவருக்குத்தான் இழப்பு. அவர் பெறுவது பெரும்பாலும் சிறிய கல், சான்றிதழ் கிடையாது, பல வேளைகளில் ரசீதும் கிடையாது. கிரகங்களைப் பற்றி அவர் கொண்ட நம்பிக்கை அவருடைய சொந்த விஷயம். கனிமவியல் அதைப்பற்றித் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. ஆனால் அவர் கோமேதகம் என்று விலை கொடுத்தது கோமேதகந்தானா என்ற கேள்வி நம்பிக்கையைச் சார்ந்ததன்று. அதற்குத் தராசு விடை கூறும். நம்பிக்கை உடையவருக்கே அந்த விடை மற்றவரைவிட முக்கியமானது.

பொன்னைப் பொறுத்தவரை நாடு முன்னேறியுள்ளது. 2000ஆம் ஆண்டில் விருப்பத் திட்டமாகத் தொடங்கிய ஹால்மார்க் முத்திரை, 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் அம்முத்திரை மோதிரத்தில் உள்ள பொன்னின் மாற்றை மட்டுமே கூறுகிறது. அதில் பதித்த கல்லைப்பற்றி ஒன்றும் கூறுவதில்லை. முத்திரையைக் கண்டவுடன் கல்லும் சோதிக்கப்பட்டதே என்று மக்கள் எண்ணிவிடுவது இயல்பு. எனவே, பொன்னுக்கு வந்த பாதுகாப்பு, கல்லைப் பொறுத்தவரை ஒரு புதிய மயக்கத்துக்கும் இடம் தருகிறது.

சட்டத்தின் துணை முற்றும் இல்லை என்பதற்கில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருளின் தரத்தையும் உட்கூறையும் பற்றிப் பொய்யாகக் கூறுவதை முறையற்ற வாணிபம் என்று வகுக்கிறது. ரசீது கொடுக்க மறுப்பதையும் அவ்வாறே வகுக்கிறது. ஆயினும் ரசீதில் 'கல் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தால் எதைப் பொய் என்று நிலைநாட்டுவது? 'கோமேதகம் (கிராசுலர் கார்னெட்), இயற்கைக் கல், எடை இவ்வளவு காரட்' என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், அந்த ஒரு வரி வாங்கியவரின் கையில் சாட்சியாகிறது. இதற்கு வணிகருக்கு ஆகும் செலவு சில துளி மை மட்டுமே. நேர்மையான வணிகருக்கு இது நன்மையும் ஆகும். கண்ணாடியை விற்கிறவரோடு அவர் விலையில் போட்டியிட வேண்டிய நிலை ஒழியும்.

பள்ளித் தராசில் ஒரு சோதனை

இச்சோதனையைச் செய்வதற்குப் பெருங்கருவி எதுவும் தேவையில்லை. ஒப்படர்த்தியைப் பற்றிய பாடம் உயர்நிலைப் பள்ளியில் உள்ளது. ஆர்க்கிமிடீசின் பெயரும் மாணவர் அறிந்ததே. ஆனால் அப்பாடம் பெரும்பாலும் இரும்புக் குண்டோடும் மரக்கட்டையோடும் முடிந்துவிடுகிறது. அதை ஒரு கல்லின் மீது நடத்திக் காட்டினால், மாணவர் வாழ்நாள் முழுதும் மறவார்.

ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறு மின்தராசு இன்று எளிதில் கிடைக்கிறது. முதலில் உலர்ந்த கல்லை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர் உள்ள சிறு கண்ணாடிக் குவளையைத் தராசின்மேல் வைத்து, தராசின் அளவைச் சுழியாக்க வேண்டும். கல்லை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையும் பக்கங்களையும் தொடாதவாறு தண்ணீரில் முழுதும் அமிழ்த்திப் பிடிக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் எண், கல் ஒதுக்கிய தண்ணீரின் எடை. கல்லின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். கல்லின்மேல் காற்றுக் குமிழிகள் ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைபடும். ஆகவே ஈரத் தூரிகையால் முன்பே துடைப்பதும், தண்ணீரில் ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்ப்பதும் நலம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 5 காரட் எடையுள்ள கல் சரியாக 1 கிராம். அது கோமேதகமானால், ஒப்படர்த்தி ஏறக்குறைய 3.65, தண்ணீரில் தராசு 0.27 கிராம் காட்டும். அது சிர்கானானால் ஒப்படர்த்தி 4.6க்கும் 4.7க்கும் இடையில்; தராசு காட்டுவது 0.21 அல்லது 0.22. படிகக்கல்லானால் ஒப்படர்த்தி 2.65, தராசு 0.38 காட்டும். சாதாரணக் கண்ணாடியானால் 2.5, தராசு 0.40 காட்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றிய நான்கு கற்கள், ஒரு குவளைத் தண்ணீரில் வெவ்வேறு எண்களாகப் பிரிந்து நிற்கின்றன. கல் பெரிதாக ஆக, அளவில் பிழையின் பங்கு குறையும். மோதிரத்தில் பதித்த கல்லுக்கு இம்முறை பயன்படாது. பதிப்பதற்கு முன்னரே சோதிக்க வேண்டும் என்பதையும் மாணவர் இதனால் கற்பர்.

தராசோடு ஒரு கைலென்சும் இருந்தால் நன்று. கோமேதகத்தின் உட்புறம் பாகு சர்க்கரைக் கரைசலில் ஓடுவது போன்ற சுழிகளும், சிறு படிகத் துணுக்குகளும் பெரும்பாலும் காணப்படும். உருண்டையான காற்றுக் குமிழிகள் காணப்படுமானால் அது கண்ணாடி என்ற ஐயம் வலுப்பெறும். பட்டை தீட்டிய சிர்கானின் மேற்புறத்தின் வழியாக அடிப்புற விளிம்புகளை நோக்கினால் அவை இரட்டையாகத் தோன்றும். சிர்கான் ஒளிக்கதிரை இரண்டாகப் பிரிப்பது மிகுதி. கோமேதகம் அவ்வாறு பிரிப்பதில்லை. வலிமை மிக்க நியோடிமியக் காந்தத்தை நூலில் தொங்கும் கல்லின் அருகே கொண்டுசென்றால், இரும்பு மிகுந்த அல்மண்டைன் தெளிவாக ஈர்க்கப்படும். கோமேதகம் மெல்ல ஈர்க்கப்படும். சாதாரணக் கண்ணாடி அசைவதில்லை.

சோதனையின் எல்லை

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பள்ளித் தராசு பொய்யைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் உண்மைக்கு முழுச் சான்று ஆகாது. 1 கிராம் கல்லில் தராசு நூறில் ஒரு பங்கு பிழைத்தால், கோமேதகத்தின் ஒப்படர்த்தி 3.5 என்றும் தோன்றலாம், 3.8 என்றும் தோன்றலாம். அந்த இடைவெளிக்குள் புஷ்பராகமும் ஸ்பினெலும் பைரோப்பும் வந்துவிடுகின்றன. ஈயம் கலந்த கண்ணாடியையும் ஏறக்குறைய இதே அடர்த்தியில் செய்ய இயலும். கதிரியக்கத்தால் உள்ளமைப்புச் சிதைந்த சிர்கானின் ஒப்படர்த்தி 4 வரை இறங்குவதுண்டு. மிளகிலும் இதே நிலைதான். தண்ணீரில் மிதப்பதெல்லாம் பப்பாளி விதையன்று, பதர் மிளகும் மிதக்கும். அதனால் யாரும் தண்ணீர்ச் சோதனையைக் கைவிட்டுவிடவில்லை. மிதப்பதை எடுத்துக் கண்ணால் பார்க்கின்றனர். அவ்வாறே, தராசு 0.40 காட்டினால் 'இது கோமேதகம் அன்று' என்று ஆசிரியர் துணிந்து கூறலாம். 0.27 காட்டினால் 'கோமேதகமாக இருக்கக் கூடும். உறுதிக்கு ஒளிவிலகல் எண்ணை ஆராய்ச்சிச்சாலையில் காண வேண்டும்' என்று கூற வேண்டும். இவ்விரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர்ந்துவிட்டால், விஞ்ஞான முறையின் சாரத்தையே அவர்கள் உணர்ந்தவர் ஆவர்.

சில மறுப்புரைகள்

இரத்தினங்களை அறிவது வழிவழியாக வந்த கலை, அனுபவம் மிக்க கண்ணுக்குத் தராசு எதற்கு என்பர் சிலர். அனுபவத்தின் பெருமையை மறுப்பதற்கில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தின வணிகர் தெருவை வர்ணிக்கிறது. கற்களின் நிறமும் குணமும் குற்றமும் அறிந்தோர் அக்காலத்திலேயே தமிழகத்தில் இருந்தனர். கொங்கு நாட்டின் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள் கல்மணிகள் செய்த பட்டறைகளை வெளிப்படுத்தியுள்ளன. ஆனால் அனுபவம் விற்பவரிடம் இருக்கிறது, வாங்குபவரிடம் இல்லை. இருவரும் சமமாக நிற்பதற்கு வாங்குபவரின் கையிலும் ஓர் அளவுகோல் வேண்டும். மிளகு வணிகருக்கு அனுபவம் குறைவா? அவரும் லிட்டர் எடையை விடுவதில்லையே.

சோதனையால் கல்லின் பெருமை குறைந்துவிடும் என்பர் வேறு சிலர். நடந்தது இதற்கு நேர்மாறு. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த கார்னெட் மணிகளையும், தெலங்கானாவின் கரீப்பேட்டைக் குன்றில் கிடைக்கும் அல்மண்டைனையும் ஆராய்ந்த நிலவியலார் சிலர், அவற்றின் உட்கூறும் உள்ளே அடங்கிய நுண்படிகங்களும் ஒத்திருப்பதைக் கண்டு, அம்மணிகளின் பிறப்பிடம் அக்குன்றே என்று 2017இல் வெளியிட்டனர். ஐரோப்பாவின் மெரோவிங்கிய அரசர் கால நகைகளில் பதித்த கார்னெட்டுகள் பலவும் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவை என்பதும் இத்தகைய ஆய்வுகளால் தெரியவந்தது. இச்செய்தியை எந்த வணிகரின் பெயர்ச்சீட்டும் காப்பாற்றவில்லை, கல்லே காப்பாற்றியது. சோதனை கல்லின் வரலாற்றை மீட்டுத் தருகிறது.

ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலைச் சுமை மிகுதி என்பது மூன்றாவது மறுப்பு, நியாயமானதும் அதுவே. ஆகவே புதுப்பாடம் எதையும் சேர்க்கச் சொல்லவில்லை. ஒப்படர்த்திப் பாடத்தில் இரும்புக் குண்டின் இடத்தில் ஒரு கல்லை வைத்தால் போதும். மாணவரின் வீட்டில் உள்ள விலையுயர்ந்த கல்லைப் பள்ளிக்குக் கொண்டுவரச் செய்தல் ஆகாது. அது தொலையவும் கூடும், பொய் என்று தெரிந்தால் வகுப்பின் நடுவே ஒரு குடும்பம் வெட்கப்படவும் நேரும். படிகக்கல் துண்டு, கண்ணாடித் துண்டு, அருகிலுள்ள பாறையில் கிடைக்கும் கார்னெட் மணி ஆகிய மூன்றே போதும். முறையைக் கற்ற பிள்ளை, வேண்டும்போது வீட்டில் தானே செய்துகொள்ளும்.

களப் பணியாளரின் குறிப்பேடு

பெயரில் தெளிவு வேண்டும் என்பது கடைக்கு மட்டும் உரிய விதியன்று. களக் குறிப்பேடுகளில் 'கார்னெட் உள்ளது' என்று மட்டும் எழுதி முடித்துவிடும் வழக்கம் உண்டு. இது, கடையின் ரசீதில் 'கல் ஒன்று' என்று எழுதுவதைப் போன்றதே.

எந்தக் கார்னெட் என்பது அப்பாறையின் பிறவியைக் கூறும் சாட்சி. களிமண் படிவுகள் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறும்போது இரும்பும் மக்னீசியமும் கொண்ட கார்னெட் விளைகிறது. தென் கேரளத்திலும் அதனையடுத்த தமிழகப் பகுதியிலும் பரவியுள்ள கொண்டலைட் பாறைகளில் சிவந்த மணிகளாகக் காணப்படுவது இதுவே. ஒரிசாவின் கொந்தர் பழங்குடியினரின் பெயரால் வாக்கர் என்பார் 1902இல் அப்பாறைக்குப் பெயரிட்டார். அது மழையாலும் ஆற்றாலும் அரிக்கப்பட்டுக் கடலைச் சேர்ந்து, அலைகளால் பிரிக்கப்பட்டு, கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரைகளில் செம்மணலாகக் குவிகிறது. தேய்ப்புப் பொருளாகவும், நீர்த்தாரையால் உலோகத்தை வெட்டும் தொழிலிலும் அம்மணல் பயன்படுவது. அது டன் கணக்கில் நிறுக்கப்படும் பொருள். கோமேதகம் காரட் கணக்கில் நிறுக்கப்படுவது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்துவிட்டால், படிக்கிறவர் மயங்குவது திண்ணம்.

கிராசுலர் விளையும் இடம் வேறு. சுண்ணாம்புப் பாறையோடு களிமண் கலந்திருந்து, அது வெப்பத்தால் மாற்றமுற்ற இடங்களிலும், சூடான பாறைக்குழம்பு சுண்ணாம்புப் பாறையைத் தொட்ட எல்லைகளிலும் அது தோன்றும். தென் கேரளத்திலிருந்து அம்பாசமுத்திரம் வரை ஆங்காங்கே காணப்படும் கால்சியச் சிலிகேட் பாறைகளில், வொல்லஸ்டனைட், ஸ்கபோலைட் ஆகியவற்றோடு கிராசுலரும் நுண்ணிய அளவில் காணப்பட்டுள்ளது. எனவே பழுப்பு அல்லது வெளிர்பச்சைக் கார்னெட்டைக் கண்ட களப் பணியாளர், அருகே பளிங்கு உண்டா என்று நோக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு துளி பாறையில் நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்சியக் கார்னெட் மிகுந்த தொடர்பெல்லைப் பாறைகளில் டங்ஸ்டன் தாதுவான ஷீலைட் உலகின் பல இடங்களில் கிடைத்துள்ளது. ஆகவே கார்னெட்டின் வகையை எழுதாமல் விடுவது, ஒரு தாதுவைத் தேடும் வழியையே மூடிவிடுவது ஆகலாம்.

சாவொரைட் கிடைத்த கிழக்கு ஆப்பிரிக்கப் பாறைகள், காரீயமும் சுண்ணாம்பும் கலந்த பழைய படிவுகளின் மாற்றம். கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளவுபடுமுன், ஆப்பிரிக்காவின் அப்பகுதியும் மடகாஸ்கரும் இலங்கையும் தென்னிந்தியாவும் அண்டையில் இருந்தவை. அதனால் இங்கும் சாவொரைட் கிடைத்துவிடும் என்று கூறுவது தவறு. ஆனால் காரீயக் கீற்றுடைய பாறையும் கால்சியச் சிலிகேட் பாறையும் அடுத்தடுத்துக் காணப்படும் இடத்தில், பச்சைத் துணுக்கு ஒன்று கண்ணில் பட்டால் அதைப் புறக்கணியாமல், இடத்தையும் பாறையையும் குறித்து, மாதிரியைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது கடமை. ஒரு சரியான குறிப்பு பத்து ஆண்டுகளுக்குப் பின் வருகிறவருக்கும் பயன்படும். 'கார்னெட்' என்ற ஒற்றைச் சொல் மறுநாளே பயனற்றுவிடும்.

செய்ய வேண்டியவை

தேவைப்படும் மாற்றங்கள் மூன்று, மூன்றும் சிறியவை. கல் விற்கும் ஒவ்வொரு ரசீதிலும் கல்லின் வழக்குப் பெயரோடு கனிமப் பெயர், எடை, இயற்கையா செயற்கையா என்பது ஆகியவை எழுதப்பட வேண்டும். பொன்னுக்கு விதி வகுத்த அரசு இதற்கும் விதி வகுப்பது அரிதன்று. பள்ளிகளில் ஒப்படர்த்திப் பாடம் கல்லைக் கொண்டு செய்துகாட்டப்பட வேண்டும். களக் குறிப்பேடுகளில் கார்னெட்டின் வகையும், அது இருந்த பாறையின் வகையும் தவறாது எழுதப்பட வேண்டும். முதல் மாற்றத்துக்கு அரசின் ஆணை வேண்டும். மற்ற இரண்டுக்கும் யாருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

மட்டாஞ்சேரியின் மிளகு வணிகர் தராசை நம்புவதால் அவருடைய வணிகம் தாழ்ந்துவிடவில்லை. லிட்டர் எடையைக் குறித்து அனுப்பிய மூட்டையைக் கடல் கடந்த வணிகரும் நம்பி வாங்குகின்றனர். மிளகுக்கு உள்ள அந்த மதிப்பு கோமேதகத்துக்கும் வர வேண்டும். கூலியைச் சேர்த்துக் கல் வாங்க வருகிறவர், விற்பவரின் முகத்தைப் பார்த்து நம்புவதற்குப் பதிலாக, ரசீதைப் படித்து நம்பும் நாள் வர வேண்டும். அந்நாளுக்கான முதல் வேலையை ஒரு குவளைத் தண்ணீரோடும் ஒரு முழ நூலோடும் வகுப்பறையில் தொடங்கலாம்.